இசை கேள்வி-பதில்: ட்ராம்போனை விழுங்கிய கணினி

போன இதழில், மலையூர் ஒன்றில் இருக்கும் பள்ளி பேண்டுக்கு நாலு நிமிட இசை எழுதிக் கொடுத்துவிட்டு, சென்னையில் என் வீட்டு மேசையிலிருந்தே வீடியோவில் ஆறு ஒத்திகை பார்த்த கதையைப் பத்து வரியில் சொல்லியிருந்தேன். பத்து வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ராகம், சினிமாப் பாட்டு, கச்சேரி பற்றிய கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் பள்ளி பேண்டில் க்ளாரினெட் வாசிக்கிறாள். இந்த வருடம் ஓர் இசையமைப்பாளர் ஆன்லைனில் வந்து வழிகாட்டுவார் என்று தனியாகக் கட்டணம் கேட்கிறார்கள். திரையில் வந்து ஒருவர் என்ன சொல்லித்தர முடியும்? கட்டலாமா, வேண்டாமா?
*ஒரு தாய், கோயம்புத்தூர்*

கட்டுவதற்கு முன்னால் பள்ளியில் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள் அம்மா. அந்த ஒரு மணி நேரமும் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? எல்லாரும் ஒரே அறையில், பேண்ட் மாஸ்டர் முன்னால் நிற்க, இசையமைப்பாளர் மட்டும் திரையில் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு போன் என்றால் அந்தப் பணத்தில் மகளுக்கு ரெண்டு பெட்டி ரீட் (க்ளாரினெட்டின் வாயில் பொருத்தும் நாணல் பட்டை) வாங்கிக் கொடுங்கள், அது உருப்படியான செலவு. ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

க்ளாரினெட்டை எப்படிக் கடிப்பது, மூச்சை எங்கே எடுப்பது, விரல் எங்கே தவறுகிறது, இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆசிரியரின் வேலை, திரையில் இருப்பவரால் ஆகாது. இசையமைப்பாளரால் மட்டும் ஆகிற காரியம் வேறு ஒன்று இருக்கிறது: எழுதியதை மாற்றுவது. என் அனுபவத்தையே சொல்கிறேன். மூன்றாவது ட்ரம்பெட் வாசிக்கும் இரண்டு பையன்களுக்கு நான் பதினோரு பார் சும்மா இருக்கும்படி எழுதியிருந்தேன் (பார் என்றால் இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டம், வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்). அதற்கப்புறம் இரண்டே இரண்டு சுரம். முதல் மூன்று ஒத்திகையிலும் தாமதமாகவே வந்தார்கள். எண்ணுகிறீர்களா என்று கேட்டேன். "எண்ணிக்கிட்டேதான் சார் இருக்கோம், எட்டுக்கு மேல போனா ஏழா எட்டான்னு சந்தேகம் வந்துடுது" என்றான் ஒருவன். நியாயமான பதில். அன்று ராத்திரியே அவர்கள் தாளில், அந்தக் காலி இடத்தின் கடைசி இரண்டு பாரில், புல்லாங்குழல் என்ன வாசிக்கிறது என்பதைச் சின்ன எழுத்தில் எழுதி அனுப்பினேன். இதைக் கேட்டால் அடுத்து நீ, என்று அடையாளம். அச்சான புத்தகத்தோடு வாசிக்கும் பேண்டுக்கு இது கிடைக்காது. உங்கள் மகளுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து வாசிக்க ஏன் முடியாது? 5ஜி வந்துவிட்டது, ஃபைபர் வந்துவிட்டது. இன்னுமா தடை?
*பொறியியல் மாணவர், மதுரை*

கணக்கில் நீங்கள் கில்லாடியாக இருப்பீர்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையில் உங்களிடமிருந்து பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் அடிக்கும் அடி உங்கள் காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட். இந்த அளவு வரைக்கும் சேர்ந்து வாசிப்பவர்கள் சமாளித்துவிடுவார்கள். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் 100, 150, நேரம் சரியில்லை என்றால் அதற்கும் மேல். நிமிடத்துக்கு 120 அடி போகிற மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு அரை நொடி. அதில் தகதிமி சொன்னால் ஒவ்வோர் எழுத்துக்கும் 125 மில்லிசெகண்ட். ஆக, நீங்கள் 'த' சொல்வது எதிராளிக்குக் கேட்கும்போது உங்கள் வாயில் 'க' வந்திருக்கும். எப்படிச் சேருவது?

சரி, தூரம்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை, இதுதான் வேடிக்கை. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து கோவைக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்தால் இரண்டரை மில்லிசெகண்ட்தான், ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் மாதிரி. மீதித் தாமதம் எல்லாம் நாம் வீட்டிலேயே வளர்ப்பது. வைஃபை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கணினி ஒலியைச் சுருக்கிக் கட்டி அனுப்பும், அந்தப் பக்கம் இன்னொரு கணினி பிரிக்கும், தரவு விட்டு விட்டு வந்தால் பேச்சு உடையக் கூடாது என்று கொஞ்சம் சேமித்துவைத்து வாசித்துக் காட்டும். பேசுவதற்காகச் செய்த ஏற்பாடு, பேச்சுக்குச் சரி.

ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் என்ற இசையமைப்பாளரும் அவர் குழுவும் இதை அழகாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் சத்தம் மற்றவருக்குத் தாமதமாகக் கேட்கும்படி செய்து, சேர்ந்து கைதட்டச் சொன்னார்கள். தாமதம் கூடினால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காத்திருந்து வேகம் விழுந்துகொண்டே போகிறது. அது நாம் எதிர்பார்ப்பதுதான். தாமதம் மிகவும் குறைந்துபோனாலோ ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள்! காலப் பிரமாணம் நிற்க நடுவில் பத்து, பன்னிரண்டு மில்லிசெகண்ட் இடைவெளி இருப்பதுதான் வசதியாம். நாதஸ்வரமும் தவிலும் எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று நம் ஆட்கள் யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் காதுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே சேஃப், ஹுவான் பாப்லோ காஸெரஸ் என்பவரோடு சேர்ந்து இதற்கென்றே செய்த மென்பொருள் ஜாக்ட்ரிப். ஜமுலஸ் என்று இன்னொன்றும் உண்டு, இலவசம். இரண்டும் வீடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒலியை மட்டும் முடிந்த வேகத்தில் அனுப்புபவை. கேபிள் இணைப்பு, ஹெட்போன், நல்ல ஆடியோ கருவி எல்லாம் இருந்தால், ஒரே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பவர்கள் இதில் நிஜமாகவே சேர்ந்து வாசிக்கலாம். நாலு நண்பர்களுக்குச் சரி. நாற்பது பிள்ளைகளுக்கு, நாற்பது வீட்டில், நாற்பது மாதிரி இணைப்பில்? மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு ஓடிவிடுவார்.

எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் இணையச் சேர்ந்திசையைச் சிலர் உதாரணம் காட்டி எழுதியிருந்தீர்கள். 2010இல் 12 நாடுகளிலிருந்து 185 பேர், 2020இல் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் என்று வளர்ந்தது அது. ஆனால் அவர்களில் யாரும் சேர்ந்து பாடவில்லை. அவர் கையசைப்பதை வீடியோவில் பார்த்து ஒவ்வொருவரும் தனியாகப் பாடி அனுப்பினார்கள், வந்ததை எல்லாம் அவர் குழு உட்கார்ந்து ஒட்டியது. அழகான வேலை, மறுக்கவில்லை. ஒத்திகை என்று மட்டும் அதைச் சொல்லக் கூடாது, ஏனென்றால் அதில் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு உன்னை மாற்றிக்கொள்வது என்ற சமாசாரமே கிடையாது.

நானும் பட்டிருக்கிறேன். இரண்டாவது ஒத்திகையில் பிள்ளைகள் இழுக்கிறார்கள் என்று, சென்னையிலிருந்து கைதட்டித் தாளம் போட்டேன். என் தட்டு அங்கே தாமதமாகப் போய்ச் சேர, அதற்கு அவர்கள் இறங்கிவர, அது இன்னும் தாமதமாக என்னிடம் வர, ஐயோ இன்னும் இழுக்கிறார்களே என்று நான் இன்னும் ஓங்கித் தட்ட, மார்ச் என்று ஆரம்பித்தது சவ ஊர்வலமாகிவிட்டது. மாஸ்டர் ஒன்றும் பேசாமல் நடந்து வந்து ஸ்பீக்கரை அணைத்தார். சரியாகிவிட்டது.

இருபது வருடமாகப் பள்ளி பேண்ட் நடத்துகிறேன். இப்போது நிர்வாகம் ஓர் இசையமைப்பாளரைத் திரையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, பிள்ளைகள் யாரைப் பார்ப்பது? எனக்கு என்ன வேலை?
*பேண்ட் மாஸ்டர், நாகர்கோவில்*

மாஸ்டர், மேலே ஸ்பீக்கரை அணைத்தாரே, அதுதான் உங்கள் வேலை.

சும்மா சொல்லவில்லை. நான் கீபோர்டிலேயே வளர்ந்த ஆள். முதல் ஒத்திகையில் சுருதி பார்க்கலாம் என்று நினைத்து "எல்லாரும் சி வாசிங்க" என்றேன் (சி, பி-ஃப்ளாட் எல்லாம் மேற்கத்திய சுரப் பெயர்கள்). ட்ரம்பெட்டில் சி என்று வாசித்தால் வருவது பி-ஃப்ளாட், ஆல்டோ சாக்ஸபோனில் வருவது ஈ-ஃப்ளாட், ஹார்னில் எஃப், புல்லாங்குழலில் மட்டும்தான் சி. தாளில் எழுதும்போது இதெல்லாம் தெரியும், மென்பொருள் மாற்றிக் கொடுத்துவிடும்; வாய் திறந்து பேசும்போது மறந்துவிட்டது. நாலு சுரமும் ஒன்றாக வந்து விழுந்ததில் என் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அங்கே மாஸ்டர் சிரிக்கவில்லை, "கான்சர்ட் பி-ஃப்ளாட்" (எந்த வாத்தியமானாலும் காதில் கேட்க வேண்டியது பி-ஃப்ளாட் என்று பொருள்) என்று மட்டும் சொன்னார், நாற்பது பேரும் தங்கள் தங்கள் விரலுக்குப் போனார்கள். அதோடு மலைக் குளிரில் காலையில் பித்தளை எல்லாம் சுருதி இறங்கியிருக்கும், பத்து நிமிடம் ஊதிச் சூடேறினால்தான் மேலே வரும் என்பதும் அவருக்குத் தெரியும், எனக்குத் திரையில் குளிர் தெரியாது.

அதனால் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இசையமைப்பாளர் உங்களிடம் பேசட்டும், நீங்கள் பிள்ளைகளிடம் பேசுங்கள். வாசிக்கும்போது அவர் வாயைத் திறக்கக் கூடாது, பார் எண்ணைக் குறித்து வைத்து, நிறுத்திய பிறகு சொல்லட்டும். வேகம் எவ்வளவு என்று அவருக்கு ஓர் ஆசை இருக்கும், அந்த அறையில் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று முடிவெடுப்பது நீங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத இசையமைப்பாளர் என்றால் உங்கள் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படலாம், மலையூர் மாதிரி.

எங்கள் பள்ளி பேண்டுக்குப் புதிதாக ஒரு பாடல் எழுதப்பட்டிருக்கிறது. இசையமைப்பாளர் ஸூமில் வருகிறார். 38வது பாரில் க்ளாரினெட்டுக்கு எழுதியிருப்பதை என்னால் வாசிக்கவே முடியவில்லை. சொன்னால் தவறாக நினைப்பாரா?
*மாணவன், சிங்கப்பூர்*

தம்பி, சொல்லாமல் இருந்தால்தான் தவறு. உங்கள் ஊரில் பேண்ட் முறையான இணைப்பாட நடவடிக்கை, உன் ஆசிரியரிடம் முதலில் காட்டு, பிறகு இசையமைப்பாளரிடம் கேள். "கஷ்டமா இருக்கு" என்று சொல்லாதே, எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குப் போவது கஷ்டம் என்று சொல். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் ஏ-யிலிருந்து அதற்கு அடுத்த பி-க்கு வேகமாகப் போய்ப் போய் வர எழுதியிருக்கிறார். ஏ-க்கு ஒரு விரல் போதும், பி-க்கு அத்தனை துளையையும் ஒரே கணத்தில் அடைக்க வேண்டும். க்ளாரினெட் வாசிக்கும் யாரைக் கேட்டாலும் அந்த இடத்தைத் திட்டுவார்கள். பியானோவில் அது பக்கத்துப் பக்கத்துக் கட்டை, அதனால் எழுதுபவருக்கு உறைத்திருக்காது. கேமராவுக்குப் பக்கத்தில் போய் விரலைக் காட்டி மெதுவாக வாசித்துக் காட்டு. மாற்றிக் கொடுப்பார். மாற்ற மாட்டேன் என்றால், ஏன் என்று காரணம் சொல்வார், அதுவும் லாபம்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர் இருக்கிறது. வேறு என்ன வாங்க வேண்டும்?
*ஆசிரியை, புதுச்சேரி*

வாங்குவதற்கு முன் ஒரு பொத்தானைத் தேடுங்கள். வீடியோ மென்பொருள்கள் மனிதக் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இரைச்சல் என்று வடிகட்டப் பழகியவை. நீளமாக இழுக்கும் சுரம் அதற்கு மின்விசிறிச் சத்தம். மூன்றாவது ஒத்திகையில் 52வது பாரிலிருந்து ட்ராம்போன் (குழாயை இழுத்து நீட்டி வாசிக்கும் பித்தளை வாத்தியம்) கேட்கவே இல்லை. இரண்டு முறை நிறுத்தி, "ட்ராம்போன் ஏன் தூங்குறீங்க" என்று நான் சத்தம் போட்டது உண்மை. மூன்றாவது முறை அந்தப் பெண் எழுந்து, கண் கலங்க, "சார், நான் வாசிச்சிக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். அவள் நாலு பாருக்கு ஒரே சுரத்தை அசையாமல் பிடித்திருந்தாள், அவ்வளவு சுத்தமாகப் பிடித்ததால்தான் கணினி அதை விழுங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஸூமில் இதற்கு இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் அமைப்பு உண்டு, ஒலி அமைப்புகளுக்குள் போய் அதை இயக்குங்கள். அதற்கப்புறம் ஒரு யுஎஸ்பி மைக், பேண்டுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தலைகளுக்கு மேலே உயரமாக. வைஃபை வேண்டாம், கேபிள். வாசிக்கும்போது லேப்டாப் ஸ்பீக்கர் மௌனமாக இருக்கட்டும். முக்கியமாக, அதே நேரத்தில் யாராவது ஒரு போனில் தனியாகப் பதிவுசெய்து அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். ட்ராம்போன் விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது அப்படி வந்த பதிவைக் கேட்டபோதுதான்.

வெளிநாட்டில் இது கொரோனாவில் வந்த பழக்கமா, அதற்கு முன்பே உண்டா?
*வாசகர், கொழும்பு*

முன்பே உண்டு. அலெக்ஸ் ஷப்பிரோ என்ற அமெரிக்க இசையமைப்பாளர், வாஷிங்டன் மாநிலத்தில் சான் ஹுவான் என்ற தீவில் இருப்பவர், கொரோனாவுக்குப் பல வருடம் முன்பே ஸ்கைப்பில் பள்ளி, கல்லூரி பேண்டுகளின் ஒத்திகைக்குள் வந்துகொண்டிருந்தார். 2010இல் அவர் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய ஒன்றில், வாத்தியங்களோடு பிரிண்டரில் போடும் சாதாரணத் தாளும் ஒரு வாத்தியம். அதோடு முன்பே பதிவுசெய்து வைத்த மின்னணு இசையும் ஓடும். அது அமெரிக்கன் கம்போஸர்ஸ் ஃபோரம் நடத்தும் பேண்ட்குவெஸ்ட் என்ற வரிசையில் வந்தது. பெரிய இசையமைப்பாளர்களைப் பிடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதவைப்பதுதான் அந்த வரிசையின் நோக்கம். 1978இல் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கிய மைக்கேல் கோல்கிராஸும் அதில் எழுதியிருக்கிறார். புலிட்சர் வாங்குவதைவிட ஆறு மாதமே ஊதிப் பழகிய பிள்ளைக்கு எழுதுவது கஷ்டம் என்பது என் சொந்த அபிப்பிராயம், மொத்தம் எட்டே சுரம்தான் கையில் இருக்கும்.

தாள் கிழியும் சத்தத்தை வீடியோ மென்பொருள் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு.

நம் ஊரில் பேண்ட் என்றால் ஆகஸ்ட் 15 மார்ச் பாஸ்ட், கல்யாண ஊர்வலம். இதற்கெல்லாம் எதற்கு ஐயா இசையமைப்பாளர்? வெள்ளைக்காரன் சாமான்.
*வாசகர், கும்பகோணம்*

கும்பகோணத்திலிருந்து இப்படி ஒரு கேள்வியா? முத்துஸ்வாமி தீட்சிதர் இளவயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டைக் கேட்டவர். அந்த மெட்டுகளைச் சங்கராபரணத்தில் வைத்து ஏறக்குறைய 40 நொட்டுஸ்வர சாகித்யங்கள் செய்தார். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுஸ்வாமி அதே காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார், அந்த வயலின் இல்லாமல் இன்றைக்கு எந்தக் கச்சேரி நடக்கிறது சொல்லுங்கள். அவர்கள் கேட்டது பேண்ட், கொண்டுவந்து சேர்த்தது நம் வீட்டில். மார்ச் பாஸ்ட் பேண்டில் வாசிக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் புதிதாக ஒன்று எழுதக் கூடாது?

கடைசியில் உங்கள் நிகழ்ச்சி என்ன ஆயிற்று? அதை எழுதவே இல்லையே!
*மூன்று வாசகர்கள், தனித்தனியாக*

ஆண்டு விழாவில் வாசித்தார்கள். லேப்டாப்பை முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் வைத்து, சாயாமல் இருக்கப் பின்னால் ஒரு டிபன் பாக்ஸை முட்டுக்கொடுத்திருந்தார்கள். எனக்கு முக்கால்வாசி நேரம் முன்னால் நின்ற யாரோ ஒருவரின் வேட்டிதான் தெரிந்தது. ட்ராம்போன் கேட்டது. இழுக்காமல் போனார்கள், மாஸ்டர் நான் கேட்டதைவிடக் கொஞ்சம் வேகமாகவே எடுத்தார், அதுதான் சரியாக இருந்தது.

முடிந்ததும் மாஸ்டர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளிடம் போனார். அந்த மூன்றாவது ட்ரம்பெட் பையன் முகம் திரை முழுக்க வந்தது. "பதினோரு பாரும் எண்ணிட்டோம் சார், நீங்க சின்னதா எழுதினதப் பார்க்கவே இல்ல" என்றான். சந்தோஷம் என்றேன். போகாமல் நின்றான். "அடுத்த பாட்டுல எங்களுக்கு இவ்ளோ ரெஸ்ட் வைக்காதீங்க சார், ரொம்ப போர் அடிக்குது."